துலக்கத் துலக்கத் தேயும் சான்று

இது நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். அருங்காட்சியகவியல், நவீன இந்திய வரலாறு, வேதியியல் ஆகிய துறைகளில் பயில்வோரை முதன்மையாக மனத்தில் கொண்டு எழுதுகிறேன். ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஆய்வுப் பணிக்காகத் தில்லியில் ஒரு நிறுவனத்தின் சேமிப்பறைக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த பொருள்களுள் நிக்கல் முலாம் பூசிய பழைய ரிவால்வர் ஒன்றும் இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கைப்பிடியின் பின்புற உலோகப் பட்டையில், அதை அன்பளிப்பாகக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் மெல்லிய கோடுகளாகச் செதுக்கப்பட்டிருந்தன. மங்கிய சாம்பல் படலம் மூடியிருந்ததாலும் அறையில் வெளிச்சம் போதாததாலும் என் கைப்பேசியில் எடுத்த இரண்டு படங்களும் தெளிவாக அமையவில்லை. அறைப் பொறுப்பாளரான முதியவரிடம், “அடுத்த முறை நல்ல படம் எடுக்க வேண்டும், ஐயா; சற்றுத் துடைத்து வைக்க இயலுமா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மீண்டும் சென்றபோது ரிவால்வர் கண்ணாடிபோல் மின்னியது. “பாருங்கள், புதுப்பொருள்போல் ஆகிவிட்டது” என்று அவர் மகிழ்ச்சியோடு நீட்டினார். ஊர்ப்பெயரின் நடு எழுத்துகள் வெறும் நிழலாக எஞ்சியிருந்தன. ஆண்டின் கடைசி இலக்கம் இல்லை. செதுக்கலின் ஓரங்களில் நிக்கல் உரிந்து, அடியிலிருந்த செம்பு செந்நிறமாகத் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் நிறுவன நாளுக்கு முன்பு கடையில் விற்கும் பித்தளை மெருகுப் பசையால் அதைத் தேய்த்து வைப்பது வழக்கம் என்றும், இம்முறை ‘ஆராய்ச்சிக்காரர் கேட்டதால்’ இருமுறை தேய்த்ததாகவும் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் ஆய்வேட்டில் அந்தப் பொருளுக்கு எதிரே இன்று உள்ள குறிப்பு: ‘ஆண்டு தெளிவில்லை.’ அதைத் தெளிவில்லாமல் ஆக்கியவர்களுள் நானும் ஒருவன் என்பது அந்த அடிக்குறிப்பில் இல்லை.

அந்த முதியவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. தம் பொறுப்பிலிருந்த பொருளை அவர் நேசித்தார்; நேசத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி துலக்குவது. எது துலக்கத் தக்கது, எது தகாதது என்று முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. குறை நம்முடையது. வரலாற்று மாணவர்களாகிய நாம் ஓலைச்சுவடியின் ஓரம் ஒடிந்தால் பதறுகிறோம். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தால் கட்டுரை எழுதுகிறோம். உலோகப் பொருள் பளபளப்பாக இருந்தாலோ, நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று மனநிறைவு கொள்கிறோம். இந்தப் பதிவின் வாதம் இதுதான்: நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியைப் பொறுத்தவரை, பளபளப்பு பராமரிப்பின் அடையாளம் அன்று, பல வேளைகளில் இழப்பின் அடையாளம்.

ஏன் என்பதை உணர, முலாமின் இயல்பை அறிய வேண்டும். மின்பகுப்பு முறையில் நிக்கல் பூசும் தொழில், 1869இல் அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் காப்புரிமை பெற்ற பின்னரே பெருவணிகமாக வளர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் போன்ற நிறுவனங்களின் கைத்துப்பாக்கிகள் இருவகை மேற்பரப்போடு விற்பனைக்கு வந்தன. ஒன்று, எஃகின் மேற்பரப்பையே வேதிமாற்றம் செய்து கருநீலமாக்கும் முறை. மற்றொன்று நிக்கல் முலாம். வியர்வையும் மழையும் மிகுந்த நாடுகளில் கருநீலப் பரப்பு விரைவில் துருப்பிடிக்கும், நிக்கல் தாக்குப்பிடிக்கும். அதனோடு, வெள்ளிபோல் ஒளிரும் தோற்றம் அன்பளிப்புக்கும் பெருமைக்கும் ஏற்றதாக இருந்தது. ஜமீன்தார்களின் பெட்டிகளிலும் காலனிய அதிகாரிகளின் இடைக்கச்சைகளிலும் அது இடம்பெற்றதில் வியப்பில்லை. குரோமியத்தின் வெண்மையில் ஒரு நீலச்சாயல் இருக்கும். நிக்கலின் வெண்மையிலோ மெல்லிய மஞ்சள் கலந்த கதகதப்பு இருக்கும். பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு போதும்.

அந்த முலாமின் தடிமன் பெரும்பாலும் சில பத்து மைக்ரான்களைத் தாண்டாது; ஒரு தலைமயிரின் குறுக்களவைவிடக் குறைவு. நம் வீடுகளில் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்களைப் புழங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கலாம். உட்புறத்தை அப்படித் தேய்த்தால் பாட்டி கடிந்துகொள்வார். ஈயம் போய்விடும், களிம்பேறும், புளிக்குழம்பு கைக்கும். ஈயம் போனால் தெருவில் வரும் ஈயம் பூசுபவர் மறுபடி பூசித் தருவார். ஆனால் நூறாண்டுக்கு முற்பட்ட துப்பாக்கியின் நிக்கல் போனால், மறுபடி பூசுவது பாதுகாப்பு ஆகாது. புதிய பொருளொன்றைச் செய்வதாகும். மறுமுலாமுக்கு முன் பரப்பை அமிலத்தில் நனைத்துத் தேய்த்துச் சமன்படுத்துவார்கள். எஞ்சிய எழுத்தும் முத்திரையும் அங்கேயே முடிந்துபோகும்.

மெருகுப் பசை செய்யும் கேடு இருவகை. முதலாவது, அதிலுள்ள நுண்துகள்களின் அராவுதல். ஒவ்வொரு தேய்ப்பும் முலாமின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டுதான் ஒளியைத் தருகிறது. செதுக்கலின் விளிம்பு, சுழலுருளையின் முனை, விசைக்காப்பின் வளைவு ஆகிய மேடான இடங்களில் அது முதலில் தேய்ந்துபோகும். இரண்டாவது கேடு அமோனியா. பித்தளை மெருகுப் பசைகள் பலவற்றிலும், குழலில் படிந்த செம்புக் கறையை நீக்கும் துப்பாக்கித் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அமோனியா செம்பைக் கரைக்கும். துடைத்த பஞ்சில் நீலம் ஏறுவது அதற்குச் சாட்சி. முலாம் பூசுவோரில் சிலர் எஃகின்மேல் முதலில் செம்பை ஏற்றி, அதன்மேல் நிக்கலைப் பூசினார்கள். சிலர் நேரடியாக எஃகின்மேலேயே பூசினார்கள். எது எதுவென்று வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்ல இயலாது. நிக்கலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையோ கீறலோ இருந்தால் போதும். அமோனியா அதன் வழியே இறங்கி அடியிலுள்ள செம்பை அரிக்கும். பிடிப்பற்றுப்போன நிக்கல் செதில் செதிலாக உரியும். எனவே, அடியில் செம்பு இருப்பதாகவே கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

மேலும் ஒரு நுட்பம் இங்கே கருதத்தக்கது. இரும்பைக் காக்கும் பூச்சுகள் எல்லாம் ஒரே வகையில் காப்பதில்லை. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படிச் செய்யாது. மின்வேதியியல் வரிசையில் அது இரும்பைவிட உயர்ந்தது. ஆதலால் முலாமில் ஒரு துளை ஏற்பட்டு ஈரமும் உப்பும் புகுந்தால், அந்தச் சிறு இடத்திலுள்ள இரும்பு முன்னைவிட விரைவாகவே அரிக்கப்படும். வெளியே ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தெரியும். உள்ளே துரு பக்கவாட்டில் பரவி முலாமை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். முழுமையாக இருக்கும்வரை நிக்கல் நல்ல கவசம். ஓட்டை விழுந்த பின் அது இரும்புக்குப் பகை. பளபளப்புக்காகத் தேய்ப்பவர் அந்த ஓட்டையைத் தம் கையாலேயே போடுகிறார்.

அப்படியானால் நான் முதலில் கண்ட அந்தச் சாம்பல் படலம் என்ன? கந்தக டையாக்சைடு கலந்த காற்றில், ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டும்போது நிக்கலின்மேல் மூட்டம் படியும் என்பது உலோக அரிப்பியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. தில்லியின் ஆண்டுச்சுழற்சியை எண்ணிப் பாருங்கள். ஆடி ஆவணியில் ஈரம், கோடையில் புழுதி, கார்த்திகை முதல் தை வரை புகையும் பனியும். இவற்றோடு அலுவலக வழக்கம் வேறு: பகலெல்லாம் ஓடும் குளிரூட்டி மாலையில் அணைக்கப்படும், இரவில் ஈரக்காற்று உட்புகுந்து குளிர்ந்த உலோகத்தின்மேல் படியும். அந்தப் படலம் அறையைப் பற்றிய ஒரு தகவல். அறையைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் நாங்கள் பொருளைத் தேய்த்தோம்.

செய்யத்தக்கது என்ன என்று இனிச் சொல்கிறேன். பாதுகாப்பு வல்லுநர்களிடம் கேட்டும் கூடவிருந்து கண்டும் நான் அறிந்தவை இவை. இவற்றில் செய்யாமை பற்றிய அறிவுரைகளே மிகுதி.

முதலாவது, உயிர்ப் பாதுகாப்பு. காட்சிப்பொருளாகவே இருந்தாலும், குண்டு ஏற்றப்பட்டதாகக் கருதியே எந்தத் துப்பாக்கியையும் அணுக வேண்டும். ஆயுதப் பயிற்சி பெற்ற, அதற்கு அதிகாரம் உள்ள ஒருவர் அதைத் திறந்து, சுழலுருளையின் ஒவ்வோர் அறையையும் குழலையும் கண்ணால் பார்த்து, வெறுமையாக உள்ளது என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே மற்றவர் தொட வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஆய்வாளர் ஆர்வத்தில் விசையை இழுத்துப் பார்ப்பது ஆபத்து. நூறாண்டு வயதுடைய வில்கம்பிக்கும் அது கேடு. கையுறை கட்டாயம். விரல் வியர்வையிலுள்ள உப்பு முலாமுக்குப் பகை. பழைய வெடிமருந்து எச்சத்திலுள்ள ஈயம் நமக்குப் பகை.

இரண்டாவது, பதிவு. துடைப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளியைப் பாய்ச்சினால், நேரொளியில் தெரியாத செதுக்கல்கூட நிழலாக எழுந்து நிற்கும். நான் அன்று ஒரு சிறு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தால், துடைக்கச் சொல்ல வேண்டிய தேவையே எழுந்திருக்காது. வரிசை எண், தயாரிப்பாளர் முத்திரை, சோதனைச்சாலை முத்திரை, உரிமையாளர் கீறிய எழுத்து, உரிந்த இடங்கள், துருப்புள்ளிகள் என அனைத்தையும் அளவுகோலுடன் பதிய வேண்டும்.

மூன்றாவது, மிகக் குறைந்த துப்புரவு. மென்மயிர்த் தூரிகையால் தூசியை அகற்றுவதே பெரும்பாலும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியில் சிறிதளவு தூய கனிமத் தர்ப்பெண்ணெய். விரல் கறை இருந்தால், உப்பு நீக்கிய நீரில் சில துளி நடுநிலைச் சோப்புக் கரைசல். பிறகு தூய நீர். உடனே முழுமையாக உலர்த்துதல். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். திரவம் எதிலும் பொருளை முக்கி வைக்கக் கூடாது. மரம், தந்தம், முத்துச்சிப்பி ஆகியவற்றாலான கைப்பிடிகளில் கரைப்பான் படக் கூடாது. அமோனியா, அமிலத் துருநீக்கிகள், எஃகுக் கம்பளி, கம்பித் தூரிகை, பற்பசை, எலுமிச்சை, புளி ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. உரியத் தொடங்கிய நிக்கல் செதிலைப் பிய்க்கவும் அழுத்தவும் கூடாது; அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் பார்க்க வேண்டிய புண்.

குழலின் உட்புறம் தனிக் கதை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதித் தோட்டாக்கள் பலவற்றின் தீமூட்டிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் எஞ்சுவது குளோரைடு உப்பு. கடலோரக் காற்றைப்போல் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது; நீரில்தான் கரையும். எண்ணெய் மேலே பளபளக்க, உப்பு கீழே அரித்துக்கொண்டிருந்த குழல்கள் பல. இதையும் வல்லுநரிடமே விட வேண்டும். குழலுக்குள் எஞ்சியிருப்பது அழுக்கா தடயமா என்பதை முடிவு செய்யாமல் அதைக் கழுவக் கூடாது.

நான்காவது, காப்புப் படலமும் இருப்பிடமும். பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகுக் கலவையை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். மிக மெல்லிய பூச்சு. வேண்டும்போது கரைப்பானால் நீக்கிவிடலாம். நீக்கத்தக்கது என்பதே அதன் முதற்சிறப்பு. எண்ணெயைப் போல அது தூசியைப் பிடித்து வைப்பதில்லை. தோலுறைக்குள் துப்பாக்கியை வைப்பது மிகப் பரவலான பிழை. பதனிட்ட தோலிலுள்ள அமிலமும் அது தாங்கிய ஈரமும் முலாமைத் தின்னும். உறையையும் துப்பாக்கியையும் அருகருகே காட்டலாம். ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாகாது. கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகம் கசியச் செய்பவை. ஒட்டுப்பலகைப் பெட்டி அமில ஆவி கசிவது. சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பேழையில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே, இயன்றால் 40க்கும் கீழே நிறுத்தினால், துடைக்கும் தேவையே அரிதாகும். ஆண்டுக்கொரு முறை மெருகுப் பசை வாங்கும் செலவில் ஓர் ஈரப்பதமானி வாங்கிவிடலாம்.

‘இத்தனை கவலை ஒரு துப்பாக்கிக்கா?’ என்று கேட்பவர்களுக்கு, தில்லியில் தொடங்கும் ஒரு கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1929 ஏப்ரல் 8 அன்று, இன்று பழைய நாடாளுமன்றக் கட்டடம் என்று நாம் அழைக்கும் இடத்தில், மத்தியச் சட்டப்பேரவையில் குண்டு வீசிவிட்டுப் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் கைதானார்கள். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1928 டிசம்பர் 17 அன்று, லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கொலையில் பயன்பட்டதாக அடையாளம் காணப்பட்ட .32 கோல்ட் தானியங்கிக் கைத்துப்பாக்கி பல பத்தாண்டுகள் மக்கள் பார்வையிலிருந்து மறைந்துபோயிற்று. பஞ்சாபின் பில்லௌர் காவல் பயிற்சி மையத்திலிருந்து 1969இல் வேறு சில ஆயுதங்களோடு அது இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. அங்கே துருவைத் தடுப்பதற்காக ஆயுதங்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த வண்ணத்தின் அடியில் எண் மறைந்திருந்தது. 2016இல் பத்திரிகையாளர் ஒருவர் பழைய ஆவணங்களின் தடம் பற்றித் தேடத் தொடங்கியதன் பயனாக, வண்ணம் சுரண்டப்பட்டது. 168896 என்ற எண் வெளிப்பட்டு, ஆவணத்திலிருந்த எண்ணோடு பொருந்தியது. பின்னர் அது, பகத் சிங்கும் ராஜகுருவும் சுக்தேவும் எரியூட்டப்பட்ட ஹுசைனிவாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இந்த நிகழ்வை நாம் ஒரு கண்டுபிடிப்பின் கதையாகக் கொண்டாடினோம்; பாதுகாப்பின் கதையாகப் படிக்கவில்லை. வண்ணம் பூசியவர்களின் நோக்கம் நல்லது. துருவிலிருந்து காக்க வேண்டும் என்பதே. ஆனால் எது காக்கப்பட வேண்டும் என்ற கேள்வி எழவில்லை. இரும்பு காக்கப்பட்டது, அடையாளம் மறைந்தது. அங்கே நிகழ்ந்தது மறைப்பு மட்டும் என்பதால், சுரண்டியதும் எண் மீண்டது. அதே எண்ணை யாரேனும் நாற்பது ஆண்டுகள் பளபளப்பாகத் தேய்த்திருந்தால், சுரண்டுவதற்கு எதுவும் எஞ்சியிருக்காது. உலகின் எல்லா .32 கோல்ட்களும் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. அவற்றுள் ஒன்றை வரலாறாக ஆக்கியது ஆறு இலக்கங்கள் மட்டுமே.

எண்களும் முத்திரைகளும் ஓர் ஆயுதத்தை ஒரு வலைப்பின்னலோடு இணைக்கின்றன. 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டார். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங்குகளின் பாதையை அந்த வழக்கு வெளிக்கொணர்ந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனின் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். ஐரோப்பியத் தொழிற்சாலை ஒன்றின் முத்திரை, துறைமுகம், புதுச்சேரி, நெல்லைச் சீமை என்று நீளும் அந்த இழையின் ஒரு முனை இரும்பில் பொறித்த சில எழுத்துகள். ஆவணக்காப்பகத்தில் மட்டும் வரலாற்றைத் தேடுபவர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

நம் சட்டமே இதை உணர்ந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதன் 8ஆம் பிரிவில், துப்பாக்கியிலுள்ள பெயர், எண், பிற அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. குற்றவாளி அரத்தால் செய்வதை, நாம் மெருகுத் துணியால், நல்லெண்ணத்தோடு, மெல்ல மெல்லச் செய்கிறோம். முடிவில் வேறுபாடு அதிகமில்லை. உரிமம் பெற்றுப் பரம்பரைத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க, தெருமுனை முலாம் கடையில் கொடுத்துப் புதுப்பிப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, பொருளுக்கும் நல்லதன்று.

எதிர்வாதங்களைத் தவிர்க்க விரும்பவில்லை. ‘பார்வையாளர்கள் மங்கிய பொருளைப் பார்க்க வருவதில்லை’ என்பது ஒன்று. நிர்வாகிகளின் இந்தக் கவலை பொய்யன்று. ஆனால் ராஜ்காட் அருகிலுள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்துக்குச் சென்று பாருங்கள். 1948 ஜனவரி 30 அன்று அண்ணல் அணிந்திருந்த, குருதி படிந்த உடை அங்கே இருக்கிறது. அவர் உயிரைக் குடித்த தோட்டாக்களில் ஒன்றும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டபடி உள்ளே வந்து, அந்தப் பேழையின் முன் தாமாகவே குரல் தாழ்த்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வேட்டியைச் சலவை செய்து வெள்ளை வெளேரென்று வைக்கலாம் என்று எவரேனும் சொன்னால் நாம் நடுங்கிப்போவோம். துணியில் கறை சாட்சியாகிறது. உலோகத்தில் மட்டும் அதை அழுக்கென்கிறோம். இந்த இரட்டை அளவுகோலை நான் ஏற்கவில்லை. பார்வையாளருக்கு வேண்டியது பளபளப்பு அன்று. நல்ல ஒளியமைப்பும், அந்த மங்கல் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லும் நான்கு வரி விளக்கமும்.

‘நம் மரபிலேயே உலோகத்தைத் துலக்குவது வழிபாடு அல்லவா?’ என்பது மற்றொன்று. உண்மை. உற்சவத் திருமேனிகளைப் புளியிட்டுத் துலக்கியே வந்திருக்கிறோம். பல மூர்த்திகளின் முகம் அதனால் தேய்ந்தும் இருக்கிறது. ஆயினும் அந்தத் தேய்மானம் வழிபாட்டின் பகுதி. அங்கே பொருளுக்கு உயிருள்ள பயன்பாடு இருக்கிறது. பேழைக்குள் இருக்கும் துப்பாக்கிக்கு அத்தகைய பயன்பாடு எதுவும் இல்லை. சாட்சி சொல்வது ஒன்றே அதன் வேலை. அந்த வேலையைக் கெடுக்கும் துலக்கலுக்கு மரபின் பெயரால் நியாயம் கற்பிக்க இயலாது.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னை உறங்கவிடாதது. ‘காந்தியைக் கொன்ற ஊரில் துப்பாக்கியைப் பேணுவது எப்படி என்று எழுதுகிறாயே, கொலைக்கருவிக்கு இத்தனை பரிவு எதற்கு?’ என்று நெருங்கிய தோழி கேட்டாள். நெடுநேரம் எனக்கு விடை தோன்றவில்லை. இன்று இப்படிச் சொல்வேன்: பளபளக்கும் துப்பாக்கி ஒரு நகை, அது ஆசையைத் தூண்டும். வடபுலத்தில் திருமண ஊர்வலங்களில் பெருமைக்காக வானை நோக்கிச் சுட்டு உயிர்கள் போவது நாம் அறிந்ததே. அந்தக் கவர்ச்சிக்கும் நிக்கலின் மினுமினுப்புக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. தேய்ந்த கைப்பிடியும் மங்கிய பரப்பும் கீறிய எண்ணும் உள்ள துப்பாக்கியோ கேள்வி கேட்கும்: யார் செய்தார், யார் கொடுத்தார், யாரை நோக்கி நீண்டது, பின்னர் என்ன ஆயிற்று? ஆயுதத்தின் கவர்ச்சியைக் குறைக்க வேண்டும் என்பவரும் அதன் பளபளப்பைக் கூட்டக் கூடாது.

இது நமக்குத் தெரியாத அறிவும் அன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் அரிப்பைத் தடுத்து நிறுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் ஆக்கமுறையையும் அவர் வேதியியல் வழியில் ஆராய்ந்தார். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் அதன் பொருண்மையை அறிய வேண்டும் என்பதை இந்திய மண்ணில், அதுவும் தமிழ் மண்ணில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டினார்கள். லக்னோவில் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். பணியிடம் இன்றிப் பலர் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். அறிவு ஒருபுறமும் மெருகுத் துணி மறுபுறமுமாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை.

எனவே என் கோரிக்கைகள் எளியவை. உலோக ஆயுதங்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், எந்தத் துப்புரவுக்கும் முன் படப்பதிவும் அதன்பின் சிகிச்சைக் குறிப்பும் கட்டாயம் என்று எழுத்தில் விதிக்கட்டும். யார், என்று, எதனால் துடைத்தார் என்பது பொருளின் ஏட்டில் இருக்கட்டும். சேமிப்பறைப் பணியாளர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் பயிற்சி அளிக்கட்டும், அவர்களுடைய மொழியில். ஆய்வு மாணவர்களாகிய நாம், பொருளைப் பார்க்க அனுமதி கேட்கும் கடிதத்திலேயே ‘துடைக்க வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்ப்போம். நம் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் மேற்கோள் காட்டும் முறைக்கு நான்கு வகுப்புகள் உண்டு; ஒரு பொருளைக் கையில் எடுக்கும் முறைக்கு ஒரு வகுப்பாவது இருக்கட்டும்.

அண்மையில் அந்தச் சேமிப்பறைக்கு மீண்டும் சென்றேன். முதியவர் ஓய்வுபெறும் நாளை எதிர்நோக்கியிருந்தார். நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “ஒருவர்கூடச் சொல்லவில்லையே, மகனே” என்றார். பிறகு அலமாரியிலிருந்த மெருகுப் பசை டப்பாவை எடுத்துத் தம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். எனக்குப் பின் வருபவரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

அவருக்குப் பின் வருபவருக்கும் பின்னால் வருபவரிடம் யார் சொல்வது? அதற்காகத்தான் இதை எழுதினேன். மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாக உலோகப் பாதுகாப்பில் பயிற்சி உடையோர், என் பிழைகளைச் சுட்டினால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.